பூட் கிழிந்த ஆக்சில்: கிரீஸ் போட்டுக் காப்பாற்றுவதா, கழற்றி எறிவதா?

டயர் மாற்றப் போன இடத்தில் சக்கரத்தின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். ரிம், பிரேக், ஷாக் அப்சார்பர் என்று எல்லாவற்றின் மேலும் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கும். "ஆக்சில் பூட் போச்சு சார்." கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்சில். அதன் இரு முனைகளிலும் மடங்கும் மூட்டுகள், அதாவது ஜாயின்ட்டுகள் இருக்கும். அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறைதான் பூட். அப்புறம் ஆளுக்கொரு யோசனை. பூட்டை மட்டும் மாற்றி, புதுக் கிரீஸ் போட்டால் போதும் என்பார் ஒருவர். அந்த அழுக்கு வேலைக்கு முழு ஆக்சிலையே மாற்றிவிடலாம் என்பார் இன்னொருவர். வண்டி பதினைந்து வயதைத் தாண்டியதாக இருந்தால் மூன்றாவதாக ஒருவர் வருவார்: "சத்தம் வர்ற வரைக்கும் ஓட்டுங்க."

மூன்றுமே சரியாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த ஆக்சில் உள்ளே நன்றாக இருந்தால் அதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் "உள்ளே நன்றாக இருந்தால்" என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

## அந்த ரப்பருக்குள் நடப்பது

லாரியின் அடியில் பின்சக்கரங்களை நோக்கி ஓடும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கும் சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட், கோணத்தில் சுற்றும்போது ஒரே வேகத்தில் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். ஸ்டியரிங்கை ஒடிக்கும் முன்சக்கரத்தில் இதை வைத்தால் வண்டி உதறும். 1920களின் கடைசியில் ஆல்ஃபிரட் ரெஸ்ஸெப்பா என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். கிண்ணம் போன்ற ஒரு வெளிக்கூடு, உள்ளே வரிப்பள்ளங்கள் உள்ள ஒரு உருண்டை, நடுவில் ஆறு எஃகு குண்டுகள், அவற்றைப் பிடித்துவைக்க ஒரு கேஜ். ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் மடங்கினாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். அதனால் உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒன்றாக இருக்கும். 1959இல் வந்த மினி கார், சின்னக் கார்களிலும் இதைப் பரவலாக்கியது. இன்றும் பெரும்பாலான முன்சக்கர இயக்க வண்டிகளில் சக்கரத்துப் பக்கம் இருப்பது இந்த வகைதான்.

கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயின்ட்டின் வேலை வேறு. அது அதிகம் மடங்க வேண்டியதில்லை. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஷாஃப்டின் நீளத்துக்கு ஈடுகொடுத்து உள்ளே வெளியே நகர வேண்டும். இங்கே பெரும்பாலும் மூன்று ரோலர்கள் கொண்ட டிரைபாட் இருக்கும். ரோலர்களுக்குள் ஊசி போன்ற மெல்லிய பேரிங்குகள்.

இரண்டுக்கும் தொழிற்சாலையில் ஒரே ஒரு தடவைதான் கிரீஸ் வைக்கிறார்கள். மேற்கொண்டு அடிக்க நிப்பிள் எதுவும் கிடையாது. அந்தக் கிரீஸை உள்ளேயும் மண்ணை வெளியேயும் வைத்திருப்பது இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாத அந்த ரப்பர் உறைதான். அது கிழிந்ததும் கிரீஸ் வெளியே தெறிக்கிறது என்று கவலைப்படுகிறோம். அதைவிடப் பெரிய கேடு மண் உள்ளே போவது. மணலும் கிரீஸும் சேர்ந்தால் வால்வைத் தேய்த்து உட்காரவைக்கும் பேஸ்ட் மாதிரிதான். ஜாயின்ட் சுற்றச் சுற்றத் தன்னையே அரைத்துக்கொள்ளும்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையைக் கேட்பதற்கு முன்னால் நான் பார்ப்பவை நான்கு.

முதலாவது, ஜாயின்ட்டின் இன்றைய நிலை. காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்து வட்டமடித்துப் பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கம். வேகத்துக்கு ஏற்ப டக் டக் டக் என்று சத்தம் கூடினால் வெளி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. நேர் சாலையில் முடுக்கும்போது வண்டி பக்கவாட்டில் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் உள் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். சத்தம் வந்துவிட்ட ஜாயின்ட்டுக்குப் பூட் மாற்றுவது, கதவு உடைந்த வீட்டுக்குப் பூட்டு வாங்குவது போலத்தான். கிரீஸ் போட்டதும் சில நாள் சத்தம் அடங்கும், மறுபடி வரும்.

இரண்டாவது, பூட் கிழிந்து எத்தனை நாளாயிற்று என்பது. பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் கிரீஸ் சொல்லும். கிழிசலிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேயுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்ல காலம். நறநறத்தால் மண் போய்விட்டது. கிரீஸ் பால் கலந்ததுபோலவோ துருநிறமாகவோ இருந்தால் தண்ணீர்.

மூன்றாவது, வண்டியை இன்னும் எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறீர்கள். ஆறு மாதத்தில் விற்கப்போகிற வண்டிக்கும், பிள்ளை ஓட்டும் வயது வரும்வரை வைத்திருக்கப்போகிற வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது.

நான்காவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: வேலையை யார் செய்வது? ஆக்சில் நட்டைக் கழற்றி, சஸ்பென்ஷனைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, ஆக்சிலை வெளியே எடுக்கும் வேலை பூட் மாற்றினாலும் முழு ஆக்சில் மாற்றினாலும் ஒன்றுதான். பூட் மாற்றும்போது அதற்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரம் கழுவும் வேலை கூடும். சொந்தக் கையால் செய்பவருக்கு அந்த நேரம் இலவசம். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் அந்தக் கூலியே பூட்டில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடலாம். பூட் மாற்றச் சொன்னால் மெக்கானிக் முகம் சுளிப்பதற்கும் இதுதான் காரணம். அவரைக் குறை சொல்ல முடியாது.

## வழி ஒன்று: பூட்டும் கிரீஸும் மட்டும்

சத்தம் இல்லாத, கிழிந்து அதிக நாள் ஆகாத ஜாயின்ட்டுக்கு இதுதான் முதல் தேர்வு. வயதான வண்டிகளின் அசல் ஆக்சிலில் எஃகும் அதன் மேற்பரப்புக் கடினமும் அளவுத் துல்லியமும் வண்டியைச் செய்தவர்கள் கேட்ட தரத்தில் இருக்கும். அதே தரம் சந்தையில் இன்று கிடைக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வெளியே எடுத்தபின், கழுவாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, பிரேக் கிளீனர் அடித்து, முழுக்கக் காயவைத்த பிறகு பாருங்கள். பள்ளங்களில் குண்டு ஓடிய தடம் பளபளப்பாகத் தெரிவது சகஜம். அந்தத் தடத்தில் நகத்தை ஓட்டும்போது குழியோ விளிம்போ தட்டுப்பட்டால் அந்த ஜாயின்ட் முடிந்தது. எஃகு நீலம் பூத்திருந்தால் சூடேறியிருக்கிறது என்று பொருள். கேஜின் ஜன்னல்களில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குண்டுகளை வெளியே எடுத்தால் எது எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று குறித்துவைத்து அதே இடத்தில் வையுங்கள். டிரைபாட்டைக் கழற்றும் முன் கூடு, ஷாஃப்ட், டிரைபாட் மூன்றிலும் பெயின்ட்டால் ஒரு புள்ளி. ரோலர்களைச் சுற்றி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஊசிகள் தரையில் சிதறினால் பொறுக்கி எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சில வண்டிகளில் வெளி ஜாயின்ட் ஷாஃப்டிலிருந்து கழலவே கழலாது. பிடித்துவைக்கும் வளையக் கிளிப்பான சர்க்கிளிப் இருக்கும் என்று நம்பி அரை மணி நேரம் சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பதற்கு முன் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். அப்படிப்பட்ட வண்டியில் உள் ஜாயின்ட்டைக் கழற்றி, வெளிப் பூட்டை அந்தப் பக்கத்திலிருந்து நுழைத்துக் கொண்டுவர வேண்டும். அதாவது ஒரு பூட் வாங்கப் போனவர் இரண்டும் வாங்க வேண்டியிருக்கும்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. வெளி ஜாயின்ட்டில் குண்டுகள் உருள்வதோடு அழுத்தத்தில் வழுக்கவும் செய்கின்றன. அதனால்தான் அதற்கு மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கறுப்புக் கிரீஸ். வீல் பேரிங்குக்கு வைக்கும் கிரீஸை அங்கே வைக்காதீர்கள். உள் டிரைபாட்டுக்குப் பல தயாரிப்பாளர்கள் வேறு கிரீஸ் சொல்வார்கள். லித்தியம் வகையையும் பாலியூரியா வகையையும் கலந்தால் இளகி ஓடிவிடக்கூடும். பழையதை முழுக்கக் கழுவச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பூட் கிட்டில் வரும் பாக்கெட்டில் இருப்பதுதான் அளவு. பாதியை ஜாயின்ட்டுக்குள், குண்டுகளுக்குப் பின்னால் போகும்படி அழுத்தி வையுங்கள், மீதியைப் பூட்டுக்குள். கூடுதலாகத் திணித்தால் பூட் ஊதிக்கொண்டு பூட்டின் வாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஓரமாகக் கக்கிவிடும்.

பூட் உட்காரும் பள்ளத்தில் துளி கிரீஸ் இருந்தாலும் கிளாம்ப் வழுக்கும். துடைத்துக் காயவையுங்கள். கடைசி கிளாம்ப்பை இறுக்கும் முன், ஷாஃப்டை அதன் வேலை நீளத்தில் வைத்து, பூட்டின் வாயை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தூக்கிக் காற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் பூட் உள்வாங்கி மடிந்து, மடிப்பிலேயே கிழியும். காது வைத்த கிளாம்ப்புக்கு அதற்குரிய கொறடு வேண்டும். பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவதை வேலை என்றே நான் எண்ணுவதில்லை. கடினமான தெர்மோபிளாஸ்டிக் பூட்டுக்கு இழுவை இன்னும் அதிகம் வேண்டும். மென்மையான நியோப்ரீனைவிட அது கிழிசலை நன்றாகத் தாங்கும், ஆனால் அரைகுறையாக இறுக்கினால் கசியும்.

மறைசெலவுகள்: புது சர்க்கிளிப், புது ஆக்சில் நட், கியர்பாக்ஸிலிருந்து வழியும் ஆயில், ஆக்சிலைப் பிடுங்கும்போது கீறல் பட்டால் ஆயில் சீல். ஆக்சிலை எடுக்கும்போது ஷாஃப்டைப் பிடித்து இழுக்காதீர்கள், டிரைபாட் பூட்டுக்குள்ளேயே கழன்றுவிடும். உள் ஜாயின்ட்டின் கூட்டை நெம்பித்தான் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து ஜாயின்ட்டையும் தட்டி உட்காரவைத்த பிறகு, சின்ன கிளாம்ப் மட்டும் மேஜையில் உட்கார்ந்து உங்களைப் பார்க்கும் தருணமும் ஒரு செலவுதான். எனக்கு அது ஒருமுறை நடந்தது.

## வழி இரண்டு: புது ஆக்சில்

ஜாயின்ட்டில் சத்தம் வந்துவிட்டால், அல்லது வண்டி நாளைக் காலை ஓடியே ஆக வேண்டுமென்றால் இதுதான் வழி. ஒரே நாளில் முடியும், அழுக்கு குறைவு, நான்கு கிளாம்ப்புகளையும் யாரோ தொழிற்சாலையில் இறுக்கியிருப்பார்கள்.

ஆனால் "புதுசு" என்ற ஒரு சொல்லுக்குள் மிக நல்லதும் மிக மட்டமானதும் அடக்கம். வண்டித் தயாரிப்பாளரின் சொந்த ஆக்சில் பழைய மாடலுக்குக் கிடைத்தால் விலை மலைக்க வைக்கும். மலிவானது எல்லா இடத்திலும் கிடைக்கும். என் பழைய ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அப்படி ஒன்றை ஒருமுறை வாங்கிப் போட்டேன். சிக்னலில் கியரில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். இன்ஜின் மவுன்ட் மேல் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் மூலையில் கிடந்த பழைய ஆக்சிலைக் கழுவி, பூட் போட்டு மாட்டியதும் நடுக்கம் போய்விட்டது. மலிவு ஆக்சில்களைப் பற்றிப் பலரும் சொல்லும் குறைதான் இது. எனக்குத்தான் தாமதமாகப் புரிந்தது.

ஆகவே மாட்டும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவையுங்கள். முழு நீளம், இரு முனைகளிலும் ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கை, ஏ.பி.எஸ். பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்க உதவும் பல் வளையம் இருக்கிறதா, அதில் எத்தனை பல், நீளமான ஷாஃப்டில் ரப்பர் பதித்த எடை ஒன்று இருந்ததே, புதியதில் அது வந்திருக்கிறதா. அந்த எடை அதிர்வை விழுங்குவதற்காக வைத்தது, அலங்காரமல்ல.

இன்னொரு மறைசெலவு: பழையதைக் கொடுத்தால் விலையில் கழிவு தருவார்கள். கொஞ்சம் பணத்துக்காக, சரிசெய்யக்கூடிய அசல் ஆக்சிலைக் கை மாற்றிவிடுவோம். புதியது ஆயிரம் கி.மீ. ஒழுங்காக ஓடும்வரை பழையதைக் கொடுக்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

## வழி மூன்று: ரீகண்டிஷன் செய்தது, அல்லது உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒழுங்காக ரீகண்டிஷன் செய்வதென்றால் பள்ளங்களை மறுபடி கடைந்து, அதற்கேற்பப் பெரிய குண்டு போட வேண்டும். வெறுமனே கழுவி, பெயின்ட் அடித்து, புது பூட் மாட்டியும் அதே பெயரில் விற்கலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. உத்தரவாதம் கொடுக்கும், நம்பிக்கையான ஆள் இல்லாமல் நான் இதன் பக்கம் போவதில்லை.

உடைத்த வண்டியின் அசல் ஆக்சில் எனக்குப் பிடித்த வழி. பூட் கிழியாமல், கிரீஸ் கசியாமல், கையால் மடக்கினால் ஒரே சீராகத் திரும்பினால் அது உள்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை அப்படியே மாட்டாமல் வழி ஒன்றில் சொன்னபடி திறந்து பார்த்து, புது பூட்டும் கிரீஸும் போட்டு மாட்டுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஆக்சிலை மேஜையில் வைத்து அவசரமில்லாமல் தயார்செய்யலாம் என்பது இதில் உள்ள பெரிய வசதி. ஒரு நாள்கூட வண்டி நிற்க வேண்டியதில்லை.

## வழி நான்கு: ஆக்சிலைக் கழற்றாமல் மாட்டும் பூட்

இதில் இரண்டு வகை. ஒன்று, நீளவாக்கில் பிளந்திருக்கும் பூட். ஷாஃப்டைச் சுற்றி வைத்து ஒட்டுவார்கள் அல்லது சின்ன ஸ்க்ரூக்களால் மூடுவார்கள். பழைய கிரீஸ் துளி பட்டாலும் பசை பிடிக்காது. கிரீஸில் குளித்த ஜாயின்ட்டின் மேல் துளிகூடப் படாமல் ஒட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்! பிடித்தாலும் மடங்கி மடங்கி முதலில் விடுவது அந்தத் தையல்தான். இன்னொன்று, கூம்பு போன்ற கருவியால் விரித்து ஜாயின்ட்டின் மேலாக இழுத்து மாட்டும் இழுவைப் பூட். இதில் தையல் இல்லை, எனவே எவ்வளவோ மேல். ஆனால் சக்கரத்துப் பக்கத்தை, சக்கரம் பொருந்தியிருக்கும் ஹப்பிலிருந்து விடுவித்தே ஆக வேண்டும்.

இரண்டிலும் பெரிய குறை ஒன்றே: உள்ளே போன மண்ணைக் கழுவ வழியில்லை. விற்கப்போகும் வண்டிக்கோ, பாகம் வந்து சேரும்வரை சில வாரங்களைக் கடத்தவோ சரி.

## வழி ஐந்து: அப்படியே ஓட்டுவது

சோம்பேறித்தனம் என்று ஒதுக்க முடியாது. ஜாயின்ட் ஏற்கெனவே சத்தம் போடுகிறது, எப்படியும் ஆக்சில் மாற்றத்தான் போகிறோம் என்றால் பூட்டில் காசைப் போடுவதில் அர்த்தமில்லை. சத்தம் லேசாக இருந்தால் பாகம் தேடும் நாட்களில் உள்ளூர் ஓட்டத்துக்கு மட்டும் ஓட்டலாம். ஆனால் நேராகப் போகும்போதும் சத்தம் கேட்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். ஜாயின்ட் உடைந்தால் இன்ஜின் ஓடும், வண்டி நகராது. நெடுஞ்சாலையில் ஷாஃப்ட் கழன்று பக்கத்திலுள்ள பிரேக் ஹோஸையோ வேறு எதையோ அடித்தால் ஆபத்து வேறு விதமாகிவிடும்.

## ஒரு பார்வையில்

| வழி | எப்போது சரி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|
| பூட், கிரீஸ் | சத்தம் இல்லை, கிரீஸ் வழவழப்பு, வண்டியை வைத்திருக்கப் போகிறீர்கள் | நேரம், கிளாம்ப் கொறடு, கழுவிய பின் ஜாயின்ட் தேறாமல் போகலாம் |
| புது ஆக்சில் | சத்தம் வந்துவிட்டது, வண்டி உடனே வேண்டும் | அதிர்வு, அளவுப் பிழை, அசலை இழப்பது |
| ரீகண்டிஷன் | நம்பகமான ஆள், உத்தரவாதம் | உள்ளே என்ன செய்தார்கள் என்பது தெரியாது |
| உடைத்த வண்டியின் அசல் | தேட நேரம் உண்டு, அசல் தரம் வேண்டும் | பூட் கிட் தனியாக, ஓடிய தூரம் தெரியாது |
| கழற்றாமல் மாட்டும் பூட் | தற்காலிகம் | மண் உள்ளேயே இருக்கும் |
| அப்படியே ஓட்டுவது | மாற்றுவது உறுதி, குறுகிய தூரம் | வழியில் நிற்பது |

## எந்த வழியானாலும்

ஆக்சில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியில் அந்த நட்டோடு மல்லுக்கட்டக் கூடாது. திரும்ப இறுக்கும்போது பல வண்டிகளுக்கு 180 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை தேவைப்படும். உங்கள் வண்டிக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும். வீட்டில் இருக்கும் சின்ன டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. நட் இறுகாத நிலையில் வண்டியின் எடையைச் சக்கரத்தில் இறக்கி உருட்டாதீர்கள். பல ஹப்களில் வீல் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த ஆக்சில்தான். பூட் மாற்றப் போய் பேரிங்கும் மாற்றிய கதைகள் உண்டு.

முடிந்தவரை பால் ஜாயின்ட்டைப் பிரித்தே வேலையை முடியுங்கள். ஸ்ட்ரட் போல்ட்டுகளைத் தளர்த்தினால் சில வண்டிகளில் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு மாறும், அலைன்மென்ட் செலவும் சேரும்.

ஒரு பூட் கிழிந்தால் நான்கையும் மாற்ற வேண்டுமா? அதே ஆக்சிலின் மற்றப் பூட்டை மாற்றிவிடுவேன், எப்படியும் மேஜையில் கிடக்கிறது. எதிர்ப்பக்க ஆக்சிலைத் தொட மாட்டேன். ஆனால் அதன் மடிப்புகளை விரித்துப் பார்ப்பேன். ரப்பரின் வெடிப்பு மேட்டில் தெரியாது, மடிப்பின் பள்ளத்தில்தான் தொடங்கும். பூட்டை விரலால் விரித்தால்தான் கண்ணில் படும்.

மாட்டி முடித்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்து ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். கிளாம்ப் ஓரத்தில் மெல்லிய கிரீஸ் கசிவு மட்டும் தெரிந்தால் துடைத்துவிட்டு மறுவாரம் மறுபடி பாருங்கள். பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தால் கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை. மண் போவதற்கு முன் அன்றைக்கே கழற்றி வேறு கிளாம்ப் போட்டுவிடுங்கள்.